அரசியல் அறிவியல் படிக்கட்டும். உங்கள் பெயரில் கடன் மட்டும் வேண்டாம்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள். வரும் இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குப் போகிறாள். அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்பதில் உறுதியாக இருக்கிறாள். இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று, தலைநகர் வாஷிங்டனில் உள்ள தனியார் பல்கலைக்கழகம். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலர். அதில் 44,000 மானியமாகத் தருகிறார்கள். இன்னொன்று எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம். ஆண்டுக்கு 29,000, உதவித்தொகை 10,000. எங்களால் ஆண்டுக்கு 14,000 வரை கையிலிருந்து கட்ட முடியும். மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கணவருக்கு வயது 51. "இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கினால் முதல் சம்பளத்தில் வட்டிகூடக் கட்ட முடியாது, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்" என்கிறார் அவர். மகள் முகத்தைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் அரசியல் அறிவியல் படிக்கலாம். அவள் பெயரில் மத்திய அரசு தரும் மாணவர் கடனை முழுமையாக வாங்கினாலும் தாங்கும். அதைத் தாண்டி, பெற்றோர் பெயரில் வாங்கும் கடனோ தனியார் வங்கிக் கடனோ இந்தப் பட்டத்துக்காக வேண்டாம். நீங்கள் சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால் மாநிலப் பல்கலைக்கழகம் இந்த எல்லைக்குள் நிற்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் நிற்கவில்லை. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைச் சொல்கிறேன். கணவரையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவருக்கு மத்திய அரசின் நேரடிக் கடன் முதல் ஆண்டில் 5,500 டாலர், இரண்டாம் ஆண்டில் 6,500, மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் 7,500 வீதம் கிடைக்கும். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 27,000. இதன் வட்டி ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் புதிதாக நிர்ணயிக்கப்படும், 2025-26இல் 6.39 சதவீதம். வாங்கிய கடனுக்கு அந்த வட்டி கடைசிவரை மாறாது. கணக்குக்காக எல்லா ஆண்டுக்கும் 6.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 27,000 டாலரைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 306 டாலர் கட்ட வேண்டும். படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறும் பகுதி ஒன்று உண்டு என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடும். 2026 ஜூலை 1 முதல் வரும் புதிய விதியில், 25,000 முதல் 50,000 வரையான கடனுக்கு வழக்கமான தவணைக் காலம் பதினைந்து ஆண்டு. அப்படியென்றால் மாதம் 235 டாலர் போதும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. அதனால் பதினைந்து ஆண்டுத் திட்டத்தில் இருந்துகொண்டே, முடிந்த மாதங்களில் கூடுதலாகக் கட்டலாம்.

இப்போது சம்பளம். பட்டம் வாங்கியதும் 45,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இது நான் கணக்குக்கு எடுத்துக்கொண்ட எண். உங்கள் இரண்டு கல்லூரிகளுக்கும் உண்மையான எண்ணை எங்கே பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். தொழில் சார்ந்த படிப்புகளை மதிப்பிட அமெரிக்கக் கல்வித் துறை 2023இல் ஓர் அளவுகோல் வகுத்தது: பட்டதாரி ஓர் ஆண்டில் கட்டும் கடன் தவணை, அவருடைய ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 45,000இல் 8 சதவீதம் 3,600. மாதத்துக்கு 300 டாலர். அதாவது அரசு மாணவர் கடனின் முழு வரம்பும், ஒரு சாதாரணமான முதல் சம்பளமும் ஏறத்தாழ சரிக்குச் சரியாகப் பொருந்துகின்றன. வரி போக மாதம் சுமார் 3,000 டாலர் கையில் வரும் பெண்ணுக்கு 306 டாலர் சுமைதான், ஆனால் சுமக்கக்கூடியது. இதே பெண் மாதம் 900 டாலர் கட்ட வேண்டியிருந்தால் வாடகையா தவணையா என்ற நிலை வந்துவிடும். "வட்டிகூடக் கட்ட முடியாது" என்று உங்கள் கணவர் சொல்வது மகள் பெயரில் வாங்கும் முதல் கடனுக்குப் பொருந்தாது. பெற்றோர் பெயரில் வாங்கும் இரண்டாவது கடனுக்கு நிச்சயம் பொருந்தும்.

அந்த இரண்டாவது கடன் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை நீங்கள் அனுப்பிய உதவிக் கடிதத்திலேயே பார்க்கலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கடிதத்தில் மேலே 80,000 டாலர் செலவு. கீழே வரிசையாகப் பல்கலைக்கழக மானியம் 44,000, மானிய வட்டிக் கடன் (படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் மாணவர் கடன்) 3,500, சாதாரணக் கடன் 2,000, பேரண்ட் பிளஸ் 20,000. கடைசி வரியில் "மீதம் 10,500". பார்த்தவுடன் என்ன தோன்றும்? நாம் 14,000 எடுத்து வைத்திருக்கிறோம், அவர்கள் 10,500தானே கேட்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த 20,000 உதவி இல்லை. உங்கள் இருவரில் ஒருவர் பெயரில் வாங்கப்படும் கடன். மானியமும் கடனும் ஒரே பட்டியலில், ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருப்பதால் எத்தனையோ குடும்பங்கள் இதில் தடுமாறுகின்றன. எந்தக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தாலும் முதல் வேலையாக ஒரு பேனாவை எடுத்து, திருப்பிக் கட்ட வேண்டிய வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்பதுதான் உதவி. உங்கள் கடிதத்தில் நிற்பது 44,000 மட்டும். உங்கள் குடும்பத்துக்கு உண்மையான ஆண்டுச் செலவு 36,000. நீங்கள் கட்டும் 14,000 போக முதல் ஆண்டில் 22,000 துண்டு விழுகிறது. மகள் கடன் 5,500 போனால் பெற்றோர் கடன் 16,500.

இதை நான்கால் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. கல்லூரிக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். மானியம் பெரும்பாலும் முதல் ஆண்டுத் தொகையிலேயே நிற்கும். ஏற்றம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுவதாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். 80,000 என்பது நான்காம் ஆண்டில் ஏறக்குறைய 90,000 ஆகிறது. மானியம் அதே 44,000. நீங்கள் கட்டும் தொகையும் அதே 14,000. துண்டு விழும் தொகை முதல் ஆண்டில் 22,000, அப்புறம் 25,200, அப்புறம் 28,500, கடைசி ஆண்டில் 32,000 என்று போகிறது. மொத்தம் ஒரு லட்சத்து 7 ஆயிரத்துக்கு மேல். மகளின் 27,000 போக 80,000க்கு மேல் பெற்றோர் தலையில்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தை இங்கே கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் பேரண்ட் பிளஸ் கடனைக் கல்லூரிச் செலவின் முழு அளவுக்கும் வாங்கலாம். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தமாக 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. உங்கள் மகள் இந்த இலையுதிர் காலத்தில்தான் சேர்கிறாள். புதிய விதி உங்களுக்கு முழுமையாகப் பொருந்தும். மேலே போட்ட கணக்குப்படி மூன்றாம் ஆண்டில் ஆண்டு வரம்பு இடிக்கிறது. நான்காம் ஆண்டில் மொத்த வரம்பே தீர்ந்துபோகிறது. சுமார் 15,700 டாலருக்குத் தனியார் வங்கிக்குப் போக வேண்டும். அங்கேயும் நீங்கள் இணைக் கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள். மூன்று ஆண்டு படித்த பிள்ளையைப் பாதியில் நிறுத்த எந்தத் தாய்தகப்பனுக்கும் மனம் வராது. அந்த நேரத்தில் என்ன வட்டி சொன்னாலும் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். அந்த நெருக்கடி வரப்போகிறது என்பது இன்றைக்கே காகிதத்தில் தெரிகிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பேரண்ட் பிளஸ் கடனின் வட்டி 2025-26இல் 8.94 சதவீதம். அதற்கு மேல், கடன் தரும்போதே 4.228 சதவீதத்தைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 65,000 வாங்கினால் சுமார் 2,750 டாலர் கல்லூரிக்குப் போய்ச் சேராமலேயே உங்கள் கடன் கணக்கில் ஏறும். 9 சதவீத வட்டியில், புதிய விதியின்படி இருபது ஆண்டுத் தவணை என்றால் மாதம் 585 டாலர். மொத்தமாகக் கட்டுவது ஒரு லட்சத்து 40 ஆயிரம். மகள் படிக்கும்போது தவணையைத் தள்ளிவைத்தால் அந்தக் காலத்து வட்டியும் அசலோடு சேரும். தொகை இன்னும் கூடும். பட்டமளிப்பு விழாவின்போது உங்கள் கணவருக்கு வயது 55. கடைசித் தவணை கட்டும்போது 75.

மாணவர் கடனுக்கு வருமானத்தைப் பொறுத்துத் தவணையைக் குறைக்கும் திட்டம் உண்டு; புதிய பேரண்ட் பிளஸ் கடனுக்கு அது கிடையாது. வருமானம் குறைந்தாலும் தவணைத் தொகை குறையாது. இன்னும் மூன்று, நான்கு ஆண்டில் மகனும் கல்லூரி வாசலில் நிற்பான். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று இரண்டு கடனை ஒரே நேரத்தில் சுமக்க முடியுமா என்பதையும் இன்றைக்கே யோசிக்க வேண்டும்.

"அவள் வேலைக்குப் போனதும் எங்கள் கடனை அவளே கட்டுவாள்" என்று நிறையக் குடும்பங்களில் வாய்மொழியாகப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். 306ம் 585ம் சேர்ந்தால் 891. மாதம் 3,000 கையில் வாங்கும் பெண்ணால் அது முடியாது. முடியாததை வாக்காக வாங்கினால் பணத்தோடு உறவும் கெடும்.

மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் இதே 4 சதவீத ஏற்றத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். 29,000 என்பது நான்காம் ஆண்டில் 32,600 ஆகிறது. உதவித்தொகை அதே 10,000. துண்டு விழுவது முதல் ஆண்டில் 5,000, அப்புறம் 6,160, 7,370, 8,620. மொத்தம் 27,150க்குப் பக்கம். மகளின் அரசுக் கடன் வரம்பு 27,000. ஒரு கோடை விடுமுறை வேலை மிச்சத்தைச் சமாளித்துவிடும். உங்கள் பெயரில் ஒரு டாலர்கூடக் கடன் இல்லை.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். இணையத்தில் "அரசியல் அறிவியலாளர் சம்பளம்" என்று தேடினால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு மேல் என்று வரும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் எண் அது, எண் சரிதான். ஆனால் அந்தப் பதவிப் பெயரில் வேலை பார்ப்பவர்கள் நாடு முழுவதும் சில ஆயிரம் பேர்தான். பெரும்பாலும் முதுகலையோ முனைவர் பட்டமோ வேண்டும். இளங்கலை முடித்த பிள்ளை அந்த நாற்காலியில் போய் உட்காருவதில்லை. அவளுக்குக் கிடைப்பது மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்தில் உதவியாளர் வேலை, மாநில அரசுத் துறையில் ஆய்வு உதவியாளர், தொண்டு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர், தேர்தல் பிரசாரக் களப்பணி, வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் விதிமுறைக் கண்காணிப்பு, சட்ட அலுவலகத்தில் உதவியாளர், இப்படி. முதல் சில ஆண்டுகள் சம்பளம் மெலிந்துதான் இருக்கும். பட்டம் தேவைப்படாத வேலையில் கொஞ்ச காலம் இருக்க வேண்டியவர்களும் கணிசமாக உண்டு.

சரியான எண்ணைக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு இணையதளத்தில் பாருங்கள். கல்லூரியின் பெயரைப் போட்டு, படிப்புகள் பகுதிக்குப் போய், "அரசியல் அறிவியலும் அரசாட்சியும்" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பன்னாட்டு உறவுகள் என்பது தனி வகையாக இருக்கும்; அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்பை முடித்தவர்களின் இடைநிலைக் கடனும் இடைநிலை வருமானமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். கல்லூரியின் மொத்தச் சராசரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொறியியல் மாணவர்களின் சம்பளமும் அதில் கலந்திருக்கும்.

அந்த எண்களைப் படிக்கும்போது சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் கடனோ மானியமோ பெற்ற மாணவர்களின் விவரம் மட்டுமே அதில் இருக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பலர் கணக்கில் வருவதில்லை. கடன் தொகையில் தனியார் கடன் சேராது. பெற்றோர் கடனைச் சேர்த்துப் பார்க்கத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். எனவே "இங்கே படித்தவர்களின் கடன் 22,000தான்" என்று தெரிந்தால், அந்தப் பெற்றோரிடம் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. படிப்பை முடித்து எத்தனை ஆண்டு கழித்து அளந்த வருமானம் என்பதையும் பாருங்கள். முதல் ஆண்டு எண்ணும் ஐந்தாம் ஆண்டு எண்ணும் ஒன்றல்ல. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்குக் கீழே என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, இந்தப் படிப்புக்கு மிக முக்கியமானது. வருமானக் கணக்கில் அப்போது மேற்படிப்பில் இருப்பவர்களை விட்டுவிடுகிறார்கள். அரசியல் அறிவியல் முடிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் சட்டக் கல்லூரிக்கோ பொதுக் கொள்கை முதுகலைக்கோ போகிறார்கள். பின்னாளில் நன்றாகச் சம்பாதிக்கப் போகிறவர்களில் ஒரு பகுதி அந்த ஆரம்பகால எண்ணில் இல்லவே இல்லை. அதனால் அந்த எண் இந்தப் படிப்பை நிஜத்தைவிடக் கொஞ்சம் ஏழையாகக் காட்டுகிறது. அதே பிள்ளைகள் மேற்படிப்புக்கு மீண்டும் கடன் வாங்குகிறார்கள் என்பதும் அந்தப் பக்கத்தில் தெரியாது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவருக்காக ஒரு வார்த்தை. நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கி, இளங்கலையோடு நின்றவர்களின் வருமானத்தைப் படிப்பு வாரியாக வெளியிடுகிறது. 22 முதல் 27 வயது வரை ஓர் எண். 35 முதல் 45 வரை இன்னோர் எண். அரசியல் அறிவியலில் இந்த இரண்டுக்கும் நல்ல இடைவெளி உண்டு. முப்பதுகளின் நடுவில் வருமானம் தேறிவிடுகிறது. இந்தப் பட்டத்தின் சிக்கல் அது எதற்கும் உதவாது என்பதில்லை. பணம் தாமதமாக வருகிறது என்பதுதான். கடன் தவணையோ பட்டம் வாங்கி ஆறு மாதத்தில் தொடங்கிவிடுகிறது. கடன் சிறியதாக இருந்தால் அந்த மெலிந்த ஆண்டுகளைத் தாண்டிவிடலாம். பெரியதாக இருந்தால், நல்ல அனுபவம் தரும் குறைந்த சம்பள வேலையை விட்டுவிட்டு, தவணை கட்டுவதற்காகவே கிடைத்த வேலைக்குப் போக வேண்டியிருக்கும். அப்படிப் போனவர்கள் படித்த துறைக்குத் திரும்புவது கடினம். விருப்பமில்லாத பெண்ணைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளினால் பாதியில் மாற்றிக்கொண்டு ஓர் ஆண்டைக் கூடுதலாகப் படிக்கும் ஆபத்து இருக்கிறது. அந்த ஓர் ஆண்டின் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட, அரசியல் அறிவியலோடு புள்ளியியலும் தரவுப் பகுப்பாய்வும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். கருத்துக்கணிப்பு, மாநில வரவு செலவு ஆய்வு, கொள்கை மதிப்பீடு எல்லாமே இன்று எண்களைக் கையாளத் தெரிந்தவர்களைத்தான் தேடுகின்றன. "ஆர்" என்னும் புள்ளியியல் மென்பொருளில் வேலை செய்யத் தெரிந்த அரசியல் அறிவியல் மாணவிக்கு முதல் வேலைத் தேடல் எவ்வளவோ எளிதாகிறது.

வாஷிங்டனை விடுவதால் மகளுக்கு இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். படிப்புப் பருவ (செமஸ்டர்) நாட்களிலேயே நாடாளுமன்றத்தில் பயிற்சிக்குப் போய்வர முடிவது பெரிய வாய்ப்புதான். ஆனால் அதை அடைய நான்கு ஆண்டும் அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் வாஷிங்டன் பருவம் என்று ஒரு பருவத்தை அங்கே கழித்துப் பாட மதிப்பெண் பெறும் ஏற்பாடு இருக்கிறது. நாடாளுமன்றப் பயிற்சிகளுக்கு ஊதியம் தர 2019 நிதியாண்டிலிருந்து தனி நிதி ஒதுக்கப்படுகிறது. வெள்ளை மாளிகைப் பயிற்சியாளர்களுக்கு 2022இல் ஊதியம் தரத் தொடங்கினார்கள். உங்கள் தொகுதி உறுப்பினரின் உள்ளூர் அலுவலகமும் மாநிலச் சட்டமன்றமும் பயிற்சிக்கு ஆள் எடுக்கின்றன. அங்கே போட்டி குறைவு. பொறுப்பு அதிகம் கொடுப்பார்கள்.

மத்திய அரசு வேலையை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025இல் ஆள் எடுப்பு நிறுத்திவைக்கப்பட்டது, முதுகலைப் பட்டதாரிகளுக்கான ஜனாதிபதி நிர்வாகப் பயிற்சித் திட்டம் முடிவுக்கு வந்தது, வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் கலைக்கப்பட்டது. இன்று ஸ்கோர்கார்டில் தெரியும் வருமானம் அதற்கு முன் பட்டம் வாங்கியவர்களுடையது. மாநில, நகராட்சி அரசுகளின் வேலைகளைப் பிள்ளைகள் ஏனோ கவனிப்பதே இல்லை. அங்கே வாய்ப்புகள் நிறைய உண்டு.

அரசு வேலையோ தொண்டு நிறுவன வேலையோ கிடைத்தால், மகளின் கடனுக்குப் பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி என்ற திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள வேலையில் முழுநேரமாக இருந்து 120 மாதத் தவணை கட்டினால் மீதி தள்ளுபடி. 2026 ஜூலையிலிருந்து வரும் புதிய வருமானம் சார்ந்த திட்டத்தில் 45,000 வருமானத்துக்குத் தவணை 4 சதவீதம், அதாவது மாதம் 150 டாலர். அந்தத் தவணைகளும் 120இல் சேரும். ஆனால் அதை நம்பி அதிகமாகக் கடன் வாங்க வேண்டாம். சம்பளம் மெலிந்த காலத்தில் கைகொடுக்கும் வழி என்ற அளவில் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

சட்டக் கல்லூரி அவள் மனதில் இருந்தால், இளங்கலையில் மிச்சம் பிடிப்பது இன்னும் அவசியம். மேற்படிப்புக்குச் செலவு முழுவதற்கும் கடன் தந்த கிராட் பிளஸ் திட்டம் புதியவர்களுக்கு 2026 ஜூலையோடு முடிகிறது. சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம் டாலர். பொதுக் கொள்கை போன்ற முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் ஒரு லட்சம். வக்கீல் சம்பளமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. பெரிய நிறுவனங்களில் முதல் ஆண்டே 2,25,000 டாலர். அரசு வழக்கறிஞருக்கோ சிறு அலுவலகத்தில் சேர்பவருக்கோ அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே நல்லது. சட்டக் கல்லூரிகள் எல்சாட் என்னும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் இளங்கலை மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ.வையும்தான் முதலில் பார்க்கின்றன. உதவித்தொகையையும் அவற்றை வைத்தே தருகின்றன. மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேலே நிற்கும் மாணவிக்கு அங்கே கதவு மூடியிருக்காது. முனைவர் பட்டம் என்றால் கட்டணமில்லாமல், உதவித்தொகையோடு தரும் இடத்துக்கு மட்டுமே போக வேண்டும்.

இதைப் படிக்கும் எச்-4 விசாக் குடும்பங்களுக்கு (வேலை விசாவில் வந்தவரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரும் விசா) ஒரு குறிப்பு: உங்கள் பிள்ளைகளுக்கு மத்திய அரசுக் கடன் கிடைக்காது, மத்திய அரசு வேலைகளும் அநேகமாகக் குடிமக்களுக்கு மட்டுமே. மேலே சொன்ன 27,000 என்ற எல்லை உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கணக்கைத் தனியாகத்தான் போட வேண்டும்.

இனி, கல்லூரிக்கு முடிவைச் சொல்ல வேண்டிய மே 1ஆம் தேதிக்குள் நீங்கள் செய்ய வேண்டியவை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அலுவலகத்துக்கு மகள் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதட்டும். மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தை இணைத்து, "உங்களிடம் படிக்க விரும்புகிறேன், எங்கள் குடும்பத்தால் பெற்றோர் கடன் வாங்க முடியாது, மானியத்தை மறுபரிசீலனை செய்ய முடியுமா" என்று நேராகக் கேட்கட்டும். வருமானம் குறைந்திருந்தாலோ பெரிய மருத்துவச் செலவு வந்திருந்தாலோ ஆதாரத்தோடு எழுதுங்கள். அதை வைத்துக் கணக்கை மாற்ற அந்த அலுவலருக்கு அதிகாரம் உண்டு. கட்டணம் ஏறினால் மானியமும் ஏறுமா, அதைத் தக்கவைக்க எவ்வளவு ஜி.பி.ஏ. வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால், முதல் ஆண்டில் இன்னும் 16,000 டாலருக்கு மேல் மானியம் கூடி, கட்டணத்தோடு சேர்ந்து அதுவும் ஏறினால்தான் வாஷிங்டன் நீங்கள் தாங்கும் எல்லைக்குள் வரும். அவ்வளவு கூடுவது அபூர்வம். கேட்டுவிட்டு முடிவெடுத்தால் மகளுக்கும் மனம் ஆறும்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) மதிப்பெண்களுக்கு எத்தனை பாட அலகுகள் தருவார்கள் என்று இப்போதே கேளுங்கள். பட்டத்துக்குத் தேவையான 120 அலகுகளில் அரசியல் அறிவியலுக்கே உரியவை பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான். மற்றவை பொதுப் பாடங்கள். 24 முதல் 30 அலகுகளோடு உள்ளே போகும் பிள்ளை ஏழு பருவத்திலோ ஆறு பருவத்திலோ முடித்துவிட முடியும். ஆறு பருவத்தில் முடித்தால் கடைசி ஆண்டின் 22,600 டாலர் முழுவதும் மிச்சம். அவள் கடனும் 20,000க்குள் நின்றுவிடும்.

ஸ்கோர்கார்டில் இரண்டு கல்லூரிகளின் பக்கத்தையும் மகளையே எடுக்கச் சொல்லுங்கள். நான் எடுத்துக்கொண்ட 45,000க்குப் பதிலாக அங்கே இருக்கும் எண்ணைப் போட்டு, 8 சதவீதக் கணக்கை அவளே போடட்டும். நிதி உதவி அலுவலகத்திடமிருந்து பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். தேதிக்கு முன்னால் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.